ஸ்லைம் சரியாக வரவில்லையா? ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கே: எட்டாம் வகுப்பில் ஸ்லைம் (இழுத்தால் நீளும் கொழகொழப்பான பொருள்) செய்து காட்டினேன். கெட்டியானது, ஆனால் சுற்றிலும் தண்ணீர் தேங்கி நின்றது. பிசைந்தால் உதிர்ந்தது. எங்கே தப்பு?

வெங்காரம் (போராக்ஸ்) கூடிவிட்டது. 4 சதவீதப் பாலிவினைல் ஆல்கஹால் கரைசல் 40 மி.லி.க்கு, 4 சதவீத வெங்காரக் கரைசல் 10 மி.லி. போதும். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். பாத்திரத்தின் ஓரத்தை விட்டுப் பிரிந்து குச்சியில் சுற்றிக்கொண்டதும் நிறுத்திவிடலாம். பாலிவினைல் ஆல்கஹால் தூள் கரைய நேரம் பிடிக்கும். முதல் நாளே தண்ணீரில் தூவி, சூடாக்கிக் கிளறி வைத்துவிடுங்கள்.

கே: மெதுவாக இழுத்தால் நீள்கிறது, வெடுக்கென்று இழுத்தால் அறுகிறது. மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

இந்தச் சோதனையின் உயிரே இந்தக் கேள்விதான். பாலிவினைல் ஆல்கஹால் ஒரு பாலிமர், அதாவது அதன் மூலக்கூறுகள் நீள நீளமான நூல்கள் போன்றவை. வெங்காரம் தண்ணீரில் கரைந்ததும் போரேட் அயனிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு நூல்களைப் பிடித்து முடிச்சுப் போடுகிறது. ஆனால் அது இறுகிய முடிச்சு அல்ல. அவிழ்ந்து அவிழ்ந்து வேறு இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். மெதுவாக இழுத்தால் முடிச்சு மாற நேரம் கிடைக்கிறது, நூல்கள் வழுக்கி நகர்கின்றன. சட்டென்று இழுத்தால் அந்த அவகாசம் இல்லை. டயர் ரப்பரில் கந்தகம் போடும் முடிச்சு இப்படி அவிழாது, அதனால்தான் டயர் வழிவதில்லை.

சொல்வதைவிடக் காட்டுங்கள். ஸ்லைமை உருட்டி மேசையில் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். கொஞ்ச நேரத்தில் உருண்டை தோசைபோலப் பரவியிருக்கும். அதையே மறுபடி உருட்டித் தரையில் போட்டால் துள்ளும்.

கே: கேரம் போர்டு பவுடரை வைத்துச் செய்யலாமா?

பெட்டியில் 'போரிக் அமிலம்' என்று இருந்தால் மட்டும் முயலலாம். தனியாகப் போட்டால் கூழ் கட்டாது. அமிலச் சூழலில் போரேட் அயனி போதிய அளவு இருக்காது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள்.

கே: சின்னப் பிள்ளைகள் கையால் தொடலாமா?

ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் வெங்காரத் தூளை நீங்களே கரைத்துக் கொடுங்கள். விழுங்கினால் அது நஞ்சு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அலட்சியம் வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருக்கும் பிள்ளைக்குக் கையுறை கொடுங்கள். எல்லாரும் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக விடவே கூடாது.

கே: பாவாடையில் ஒட்டிக் காய்ந்துவிட்டது.

வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, வெந்நீரில் அலசுங்கள்.

அப்புறம், துணிக்குச் செய்ததை ஒரு கிண்ணம் ஸ்லைமுக்கும் செய்து பாருங்கள். வினிகர் விட்டதும் முடிச்சுகள் அவிழ்ந்து தண்ணீர்போல ஓடும். அதில் சமையல் சோடாவைத் தூவினால் நுரைத்து அடங்கியபின் மறுபடி கெட்டியாகும். பிள்ளைகள் 'இன்னொரு தடவை' என்பார்கள், செய்ய விடுங்கள்.