நீலகிரிப் பாறைகள்: கேள்வியும் பதிலும்

நீலகிரி மலைத்தொகுதியின் பாறை, வயது, எழுச்சி, சரிவு பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஊட்டி, பள்ளி ஆசிரியை: நீலகிரிக்கு 250 கோடி வயது என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

பாறைக்குச் சொல்லலாம் டீச்சர். மலைக்குச் சொல்லாதீர்கள்.

நீலகிரியில் பெரும்பகுதி சார்னோகைட் என்ற, ஆழத்தில் வெந்து உருவான கெட்டிப் பாறை. அதிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வருகிறது. அந்தப் பாறை பூமியின் மேற்பரப்பில் உருவானதல்ல. அதிலுள்ள கார்னெட், பைராக்சீன் என்ற கனிமங்கள் எந்த அழுத்தத்தில் சேர்ந்து நிலைக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தென்மேற்கில், குந்தா பக்கம், 6 முதல் 7 கிலோபார் (ஒரு கிலோபார் என்பது காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு). வடகிழக்கில், மோயாற்றை நோக்கிப் போகப்போக, 9 முதல் 10 கிலோபார். வெப்பம் 700 முதல் 800 டிகிரி. ஒரு கிலோபாருக்குச் சுமார் மூன்றரை கி.மீ. ஆழம் என்று வைத்தால், தென்மேற்குப் பாறை 21 முதல் 25 கி.மீ. ஆழத்திலும், வடகிழக்குப் பாறை 31 முதல் 35 கி.மீ. ஆழத்திலும் வெந்தவை. இன்று இரண்டும் ஒரே மலைமேல் கிடக்கின்றன. அதாவது இந்தத் துண்டு வடகிழக்கு ஓரம் கூடுதலாக மேலேறும்படி சாய்ந்தே வெளிவந்திருக்கிறது. மேலே கிடந்த அத்தனை கனமும் அரித்துப் போய்விட்டது.

பிறகு சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுகூடியபோது தெற்கே பாலக்காடு–காவிரிப் பட்டை மறுபடி பிசையப்பட்டது. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்து போனது. மேற்குத் தொடர்ச்சியின் செங்குத்து விளிம்புக்கு அந்தப் பிரிவே தொடக்கம். நாம் பார்க்கும் மலை வடிவம் அதன் பிறகு செதுக்கப்பட்டது. பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: கல் மிகப் பழையது, சிற்பம் புதியது.

மேட்டுப்பாளையம்: நீலகிரி அணைந்துபோன எரிமலைதானே?

இல்லை. எரிமலைக் குழம்பும் இல்லை, சாம்பல் படிவும் இல்லை, வாயும் இல்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய தக்காண எரிமலைக் குழம்பு இவ்வளவு தெற்கே வரவில்லை.

ஈரோடு, கல்லூரி மாணவி: சார்னோகைட்டைக் கையில் வைத்து எப்படி அடையாளம் காண்பது? கிரானைட் போலவேதான் தெரிகிறது.

வெளிமுகத்தைப் பார்த்துத் தீர்மானித்தால் நிச்சயம் தவறும். வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பாகிவிடும், கிரானைட்டும் அப்படித்தான் ஆகும். புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள் அம்மா.

கண்ணாடி அணிந்துகொண்டு, கல்லின் விளிம்பில் அடித்துக் கையளவு சில்லு எடுங்கள். சுத்தியல் தலைமேல் இன்னொரு சுத்தியலால் அடிக்க வேண்டாம், எஃகுத் துணுக்கு கண்ணுக்குள் போகும். புதுமுகம் கருமையான சாம்பல்–பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும். அந்தப் பச்சைச் சாயல் ஃபெல்ட்ஸ்பாரில் இருப்பது. கிரானைட்டில் அதே கனிமம் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். குவார்ட்ஸ் நீலம் கலந்த சாம்பல். பத்து மடங்கு லென்ஸில் கரும்பழுப்பு மணிகளைத் தேடுங்கள். அவற்றின் பிளவு முகங்கள் ஏறத்தாழ செங்கோணத்தில் வெட்டினால் பைராக்சீன். 56, 124 டிகிரி போலச் சரிந்து வெட்டினால் ஹார்ன்பிளெண்ட் என்ற வேறு கனிமம், அது மட்டும் இருந்தால் சார்னோகைட் என்று சொல்லாதீர்கள்.

அடர்த்தியையும் பாருங்கள். நூலில் கட்டிய சில்லைக் காற்றில் எடை போடுங்கள், பிறகு தண்ணீருக்குள் முழுக்கித் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்றில் 540 கிராம், நீரில் 345 என்றால், 540ஐ வித்தியாசமான 195ஆல் வகுத்தால் 2.77. குவார்ட்ஸ் மிகுந்த வகைக்கு இது பொருத்தமான எண். 3ஐ நெருங்கினால் கருமை மிகுந்த, சிலிக்கா குறைந்த வகை. இரண்டு இடத்தில் கணக்கு கெடும்: சில்லில் ஒட்டிய காற்றுக் குமிழிகள், உரிக்காமல் விட்ட மக்கிய தோல். இரண்டுமே அடர்த்தியைக் குறைத்துக் காட்டும்.

பெயர்க்காரணமும் கேட்டிருந்தீர்கள். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பெயரை வைத்தார். மூலக் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்தான்.

கோத்தகிரி, தேயிலை விவசாயி: சாலையோரம் சிவப்பு மணிகள் கிடைத்தன. ரத்தினமா?

கார்னெட். விரிசல் நிறைந்தவை, நகைக்கு ஆகாது.

கோவை, பொறியியல் மாணவர்: நீலகிரி ஒரு ஹார்ஸ்ட், இரண்டு பக்கமும் பிளவுகள் நழுவியதால் நடுவில் எழுந்து நிற்கும் கட்டை. வடக்கே மோயாறு, தெற்கே பவானி, இரண்டும் நேர்கோடு. இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது என்கிறேன். சரிதானே?

கோடுகள் உண்மை, தம்பி. பவானி நீலகிரியின் தென்மேற்கில் பிறந்து கேரளத்துக்குள் இறங்கி, முக்காலியில் சட்டென வடகிழக்கே திரும்பி ஒரே கோட்டில் ஓடுகிறது. மோயாறு வடக்கு ஓரத்தில் ஆழமான பள்ளத்தாக்கு வெட்டிப் பவானிசாகரில் அதோடு சேர்கிறது. இரண்டுமே ஷியர் மண்டலங்களின் மேல் ஓடுகின்றன. ஆனால் அவை பூமிக்கு வெகு ஆழத்தில், பாறை சூட்டில் இளகி மாவுபோல் பிசைபட்ட பட்டைகள். அங்கே நுண்ணிய மணிகளாக அரைபட்ட பாறையும் இழுபட்ட கனிமங்களும்தான் தெரியும். உடைந்து நழுவிய இளம் பிளவு அல்ல அது. பிசைபட்ட பட்டை எளிதில் மக்கும், ஆறு அங்கே இறங்கும், ஓரம் நேர்கோடாக நிற்கும். நேர்கோட்டை மட்டும் வைத்து எழுச்சி என்று முடிவு கட்ட முடியாது.

திருச்சி: நீலகிரிக்கு வயது எவ்வளவு சார்?

முதல் பதில்.

கோவை மாணவர் மீண்டும்: அப்படியானால் வெறும் அரிப்பு என்கிறீர்களா? சார்னோகைட் கெட்டியானது, அதனால் மிஞ்சியது என்றால், அதே சார்னோகைட் பரங்கிமலையில் நூறு மீட்டருக்கும் குறைவாகத்தானே நிற்கிறது?

நல்ல அடி. பாறை கெட்டி என்பதால் மட்டுமே மலை மிஞ்சியது என்ற விளக்கம் இந்தக் கேள்வியிலேயே உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே பாறையிலும் வெடிப்பு நெருக்கம் மாறும். வெடிப்புகள் சில மீட்டருக்கு ஒன்று என்றால் தண்ணீர் புக வழி குறைவு. அரை மீட்டருக்கு ஒன்று என்றால் விரைவில் மக்கும். இது ஒரு பங்கு.

இன்னொரு பங்கு மிதப்பு. மேலோடு அடியிலுள்ள மூடகத்தின் மேல் மிதக்கிறது. பாறையின் அடர்த்தி 2.8, மூடகம் 3.3 என்றால், ஒரு பகுதி முழுக்க ஒரு கி.மீ. பாறை அரித்துப் போனால் அங்கே அடியில் மிஞ்சிய பாறை சுமார் 850 மீட்டர் மேலே வரும். அரிப்பு பள்ளத்தாக்குகளிலேயே நடந்தால், மேட்டுநிலம் அரிபடாமலே உயரும். எனவே 'மேலே வருகிறது' என்பதில் உண்மை உண்டு. அதற்கு இளம் பிளவு தேவையில்லை, அவ்வளவுதான் என் வாதம்.

கோவை மாணவர்: சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. அபடைட் கனிமத்தில் யுரேனியம் பிளந்த தடங்களை எண்ணுவது. பாறை சுமார் 110 டிகிரிக்குக் கீழ் ஆறிய பிறகே அந்தத் தடங்கள் அழியாமல் நிற்கும். கி.மீ.க்கு 25 டிகிரி என்று கொண்டால் அது நான்கு கி.மீ. ஆழத்து நினைவு. அண்மைக் காலத்தில் இந்தத் தொகுதி பல கி.மீ. எழுந்து, எழுந்த அளவுக்கு அரிபட்டிருந்தால் தட வயது இளமையாக வர வேண்டும். தென்னிந்திய உள்நாட்டு மேட்டுநிலங்களில் வருவதோ பல கோடி ஆண்டுப் பழமை.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவதும் தெரியும்: எழுந்தும் அரிபடாமல் நின்றிருந்தால்? அதை இந்த முறை காட்டாது. அந்த ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க ஆற்றின் நீள்வெட்டை, அதாவது ஆறு மேலிருந்து கீழே எப்படி இறங்குகிறது என்று காட்டும் கோட்டை, பாருங்கள். மோயாற்றுக் கோடு போன்ற நேர்கோட்டைத் தாண்டும் ஓடைகளில் செங்குத்துப் படி எங்கே இருக்கிறது, பாறை மாறும் இடத்திலா, மாறாத இடத்திலா என்று குறியுங்கள். பாறை மாறாத இடத்தில், பல ஓடைகளில் ஒரே கோட்டில் படிகள் வந்தால் உங்கள் பக்கம் வலுப்படும். அதுவரை ஹார்ஸ்ட் என்பது நிறுவப்படாத கருத்து.

சேலம்: எரிமலை வெடித்து உருவான நீலகிரியில்...

மேலே பதில் இருக்கிறது.

குன்னூர்: வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் மண்வெட்டு, தடுப்புச் சுவர் கட்டப் போகிறோம். 2009 மழைக்குப் பிறகு பயம். என்ன செய்ய வேண்டும்?

இதற்கு நீளமாகவே சொல்ல வேண்டும். நீலகிரியில் சரிவது பெரும்பாலும் கல் அல்ல, மக்கிய பாறை. சார்னோகைட் பல மீட்டர் ஆழம் வரை களிமண்ணாகவும், நடுவில் மக்காத உருண்டைக் கல்லாகவும் மாறியிருக்கிறது. மழைநீர் இறங்கி, கீழே இருக்கும் கெட்டிப் பாறையின் மேல் தேங்கும். அந்த எல்லையில்தான் வழுக்கும். 1978, 1993 மரப்பாலம், 2009 நவம்பர் என எல்லாப் பெரிய சரிவுக்கும் முன்னால் கனமழை இருந்தது. அவலாஞ்சி என்ற ஊரின் பெயரே 1823 சரிவிலிருந்து வந்தது.

சுவர் விழுவது பெரும்பாலும் மண்ணின் எடையால் அல்ல, தண்ணீரின் அழுத்தத்தால். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் நீர் முழுக்கத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நீர் மட்டுமே நாலரை டன் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல். ஆகவே சுவரில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 75 முதல் 100 மி.மீ. குழாய் வடிகால்கள், வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக. சுவருக்குப் பின்னால் 20 முதல் 40 மி.மீ. ஜல்லி அடைப்பு, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே வடிகட்டும் துணி. துணி இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் களிமண் வந்து ஜல்லியை அடைத்துவிடும், பிறகு குழாய் இருந்தும் இல்லாததுபோல்தான். வெட்டின் மேல் விளிம்புக்கு மேலே சிமெண்ட் பூசிய வடிகால் ஒன்று. மேல்பக்கம் கழிவுநீர்த் தொட்டியோ உறிஞ்சு குழியோ வைக்காதீர்கள், அது சரிவுக்கு நீங்களே ஆண்டு முழுதும் தண்ணீர் ஊற்றுவது. சுவரின் அடித்தளமும் கனமும் அந்த இடத்து மண்ணைப் பார்த்த பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

எப்போது வீட்டை விட்டு வெளியேற வேண்டும்: சரிவுக்குக் குறுக்கே புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், கதவு திடீரென இறுகுதல், தெளிந்த ஊற்று கலங்கலாக வருதல் அல்லது நின்றுபோதல். இதில் ஒன்று தெரிந்தாலும் மழை நிற்கும்வரை காத்திருக்காதீர்கள், இரவானாலும் புறப்படுங்கள்.

பந்தலூர்: தேவாலாவில் தங்கம் உண்டா?

குவார்ட்ஸ் நரம்புகளில் கொஞ்சம் உண்டு. 1880ஐ ஒட்டி லண்டன் முதலீட்டில் பல நிறுவனங்கள் வந்து, சில ஆண்டுகளில் நஷ்டப்பட்டு மூடின. பழைய சுரங்கக் குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். காற்று இருக்காது, கூரை நிற்காது.

பாலக்காடு: கோவை, பாலக்காடு பக்கம் நிலநடுக்கம் வருமா?

1900 பிப்ரவரி 8இல் வந்தது, அளவு 6ஐ ஒட்டி. அடிக்கடி வருவதில்லை, வராது என்றும் இல்லை. கட்டடத்தை அதற்கேற்பக் கட்டுங்கள்.

மதுரை: இமயமலையைவிட நீலகிரி பழையதா?

பாறையா, மலையா? எதைக் கேட்கிறீர்கள் என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

திருப்பூர்: போர்வெல் எங்கே போடலாம்?

சார்னோகைட்டில் நீர் வெடிப்பிலும் மக்கிய அடுக்கிலும் மட்டுமே இருக்கும். இடம் பார்க்காமல் சொல்ல முடியாது. மின்தடை அளவீடு செய்யும் நிலத்தடி நீர் ஆய்வாளரை அழையுங்கள்.

சென்னை: மலை ரயிலில் ஏறும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மேட்டுப்பாளையம் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,203. நடுவே 46 கி.மீ. பாதை. கல்லாறில் பற்சக்கரத் தண்டவாளம் தொடங்கும் இடத்தில்தான் மலையின் ஓரச்சுவர் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை வெட்டுகளில் கருஞ்சாம்பல் பாறை, உருண்டைக் கற்கள். குன்னூர் தாண்டியதும் சரிவு தணிந்து செம்மண் வெட்டுகள் வரும். பழைய, நெடுங்காலம் மக்கிய மேட்டுநிலத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். ஓரச்சுவர் முடிந்து மேட்டுநிலம் தொடங்கும் அந்த மாற்றத்தைத் தவறவிடாதீர்கள், கோவை மாணவரோடு நடந்த வாதம் முழுக்க அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.