கடல் தொழில் பார்க்கிற வீட்டில் தினசரி செபம் நிலைக்க என்ன வழி?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் போகிறார். இரவு 8 மணிக்குக் குடும்ப செபம் என்று முடிவு செய்தால் ஒரு வாரம் நடக்கிறது, பிறகு நின்றுபோகிறது. செபத்துக்கு முதலிடம் கொடுப்பது எப்படி?

பதில்:

அந்த 8 மணிதான் கோளாறு. காலையில் போன விசைப்படகு மறுநாள் காலைதான் கரை சேரும், ஆக முதல் நாள் இரவு அவர் வீட்டிலேயே இல்லை. மறுநாள் மீனை ஏலத்தில் தள்ளி, வலை பார்த்து, கணக்கு முடித்து வந்தவர் 8 மணிக்கு அசந்து தூங்குவார். நாட்டுப்படகு என்றால் காற்றைப் பார்த்துப் புறப்படும் நேரமே மாறும். 'அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் செபியுங்கள்' என்று தியானக் கூட்டத்தில் சொல்வது நல்ல அறிவுரைதான், ராத்திரி தூங்கியவர்களுக்கு.

செபத்தை மணியோடு கட்டாமல், எப்படிப்பட்ட நாளிலும் நடந்தே தீரும் ஒரு வேலையோடு கட்டுங்கள். காலையில் அடுப்புப் பற்றவைப்பது, படகுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவது, ராத்திரி தாழ்ப்பாள் போடுவது, இவற்றில் ஏதாவது ஒன்று. 'சாப்பிட்ட பிறகு' வேண்டாம். சாப்பிட்ட பிறகு டி.வி. வந்து உட்கார்ந்துகொள்ளும். நற்செய்தியிலும் இயேசுவுக்கு ஒரே நேரம் என்று இல்லை. மாற்கு 1:35இல் விடியுமுன் தனியிடத்துக்குப் போகிறார். 6:46இல் சீடர்களைப் படகில் அனுப்பிவிட்டு மலையில் செபிக்கிறார், அவர்களோ எதிர்க்காற்றில் தண்டு வலித்துத் தவிக்கிறார்கள். படகை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவருக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

அளவைக் குறையுங்கள். செபமாலையின் 53 மணியும் சொல்ல 15 முதல் 20 நிமிடம் ஆகும். காய்ச்சலிலும் சொல்லக்கூடியது ஒரு பத்து மணிதான்: ஒரு பரலோக மந்திரம் ('விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே'), 10 மங்கள வார்த்தை ('அருள் நிறைந்த மரியே'), ஒரு திரித்துவப் புகழ் ('பிதாவுக்கும் சுதனுக்கும்'). நிதானமாகச் சொன்னாலும் நாலு நிமிடத்துக்குள் முடியும். அதை அடித்தளமாக வையுங்கள், தெம்பிருக்கிற நாளில் முழுச் செபமாலை. தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்: முதல் நாளே முழுதும் சொல்லி, நாலாம் நாள் தவறவிட்டு, அதை ஐந்தாம் நாள் சேர்த்துச் சொல்லப் பார்த்து, ஆறாம் நாள் விட்டுவிடுவார்கள். செபத்தில் பாக்கி வைக்கக் கூடாது. நேற்று விட்டது விட்டதுதான், இன்றையதை மட்டும் சொல்லுங்கள்.

கடலில் இருப்பவருக்குச் செல்போன் செயலியை நம்பிக் கொடுக்காதீர்கள். கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும். நைலான் நூலில் 10 முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் உப்புத் தண்ணீருக்கும் தாங்கும். வலையை இறக்கிவிட்டு, படகு இழுத்துக்கொண்டு போகிற நேரம் தோதானது. சுக்கான் பிடிப்பவர் மட்டும் கண்ணை மூட வேண்டாம். விவிலியத்தில் திருப்பாடல் (சங்கீதம்) 107இல் 23 முதல் 30 வரையான வசனங்கள் கப்பலேறிப் போனவர்களைப் பற்றியவை. அந்த எட்டு வசனமும் மனப்பாடமாக இருந்தால் புத்தகம் நனைகிற கவலை இல்லை.

வீட்டில் செபம் நீளக் காரணம் பெரும்பாலும் பெரியவர்களின் சொந்த வார்த்தை மன்றாட்டு. ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு பெயர், அவ்வளவே போதும். ஆரம்பிப்பதைப் பிள்ளையிடம் விடுங்கள், மறந்தால் அதுவே ஞாபகப்படுத்தும். நன்றியை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படகு எல்லையில் பிடிபட்டது என்ற செய்தி வந்தால் ஊரே முழந்தாளில் நிற்கும், ஆள் திரும்பியதும் செபமாலை பழையபடி ஆணிக்குப் போய்விடும். பயம் மட்டுமே காரணமாக இருக்கிற செபம் பயம் தீர்ந்ததும் நின்றுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எல்லாரும் வீட்டில் இருப்பதால் செபம் தானாக நடக்கும் என்று தோன்றும், ஆனால் படகுக்குச் சோறு கட்டுவதோடு செபத்தைக் கட்டியிருந்தால், படகே போகாததால் அந்த வேலையும் நின்றிருக்கும். தாழ்ப்பாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் தினம் ஐந்து திருப்பாடல் வாசித்தால் 30 நாளில் 150ம் முடியும், தடை முடிவதற்குள் இரண்டு சுற்று. 24ஆம் நாள் மட்டும் கவனம்: 116 முதல் 120 வரை வரும், அதில் 119 மட்டுமே 176 வசனம். எத்தனையோ பேர் அங்கேதான் நின்றுபோகிறார்கள். அதை எட்டெட்டு வசனமாக 22 பகுதியாய் எபிரேய எழுத்துவாரியாகவே பிரித்திருக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே தினம் ஒரு பகுதியாக வாசித்து வந்தால், 24ஆம் நாளுக்கு மற்ற நான்கு சின்னப் பாடல்கள்தான் மிச்சம்.