கப்பலூரில் அப்ரண்டிஸ், நாலு மாதமாக உதவித்தொகை இல்லை: பதில்

சகோதரி, தம்பி ஐடிஐ ஃபிட்டர் முடித்து மதுரை பக்கம் கப்பலூர் பட்டறையில் நாலு மாதமாக அப்ரண்டிஸாக இருக்கிறான், உதவித்தொகை வரவில்லை, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கோபமாக வருகிறது.

முதலில், அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி அது அரசிடம் பதிவாகியிருக்க வேண்டும். மத்திய அரசின் 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' தளத்தில் அவன் கணக்கில் நுழைந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பதிவு இருந்தால், ஒவ்வொரு மாத உதவித்தொகையும் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வர வேண்டும். வராததற்கு, மதுரை கோ.புதூர் அரசு ஐடிஐ வளாகத்தில் உள்ள மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

பதிவு இல்லையா? அப்படியானால் அரசுக் கணக்கில் அவன் அப்ரண்டிஸாக இல்லை. வருடக் கடைசியில் தேர்வும் கிடையாது, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் கிடையாது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. ஆனால் செய்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டுப் பார்க்கலாம். அதற்குத் தொழிலாளர் துறை அலுவலகம் போக வேண்டும்.

இதற்கெல்லாம் அத்தாட்சி வேண்டுமே. கேட்டில் வாட்ச்மேன் நோட்டில் அவன் போடும் கையெழுத்து, சூப்பர்வைசர் 'நாளைக்கு நைட் ஷிஃப்ட் வா' என்று அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மார்க்‌ஷீட்டைப் பிடித்து வைக்க அப்ரண்டிஸ் சட்டம் முதலாளிக்கு அதிகாரம் தரவில்லை. சண்டை வேண்டாம், சரிபார்த்தாயிற்று, திருப்பித் தாருங்கள் என்று மெசேஜ் போடட்டும். தரவில்லை என்றால் அந்த மெசேஜையும் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.