ஈயத்தைப் பார்த்து இளித்த கதை

கேள்வி (கோவில்பட்டி வாசகர் ஒருவர்): கழுகு சாகிறது என்று கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத் தோட்டாவைத் தடை செய்துவிட்டார்களாம். வேட்டைக்காரர்களோ, ‘இது துப்பாக்கியைப் பிடுங்கும் சதி’ என்று கொதிக்கிறார்கள். மானைச் சுடலாம், குண்டு மட்டும் செம்பாக இருக்க வேண்டும் என்பது என்ன கூத்து? அமெரிக்கர்கள் எப்போது திருந்துவார்கள்?

பதில்: மானைச் சுடலாமா என்பது வேறு வழக்கு. செத்த மானைத் தின்ன வந்த பறவை ஏன் சாக வேண்டும் என்பதுதான் இந்த வழக்கு.

அங்கே மானைச் சுட்டவர் அந்த இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலைப் போட்டுவிட்டு, உடலை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். ஈயம் மெத்தென்ற உலோகம். ரைஃபிள் வேகத்தில் போய் எலும்பில் மோதினால் தூள் தூளாகும். அந்த மானை எக்ஸ்ரே எடுத்தால், கறுப்புத் துணியில் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். குண்டு பட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் கிடக்கும். பல துணுக்குகள் கண்ணுக்கும் தெரியாது, பல்லிலும் கடிபடாது.

அந்தக் குடலுக்குத்தான் நீங்கள் சொன்ன கழுகு, காண்டோர், வந்து இறங்குகிறது. நம் பாறுக் கழுகுக்கு ரத்த சொந்தம் இல்லை, ஆனால் ஒரே தொழில். இரண்டு சிறகையும் விரித்தால் ஒன்பது அடிக்கு மேல். எலும்பையே கரைக்கிற வயிற்றுக்கு ஈயம் எம்மாத்திரம்? கரைந்து ரத்தத்தில் ஏறும், குடல் அசைவு நின்றுபோகும். கழுத்துப் பையில் இரை நிறைந்திருக்க, பறவை பட்டினியால் சாகும்.

1982-ல் உலகத்தில் மொத்தமே 22 காண்டோர்கள். 1987-ல் காட்டில் மிச்சமிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து, குஞ்சு பொரிக்கச் செய்து, 1992 முதல் மறுபடி வெளியே விட்டார்கள். இன்று ஐநூறைத் தாண்டிவிட்டது. ஆனால் இன்னமும் அவற்றைப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பதும், ஈயம் ஏறியிருந்தால் ஊசி போட்டு இறக்கிப் பறக்கவிடுவதும் நடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முட்டை இடுகிற பறவை. ஒன்று போனாலும் பெரிய நஷ்டம்.

கலிஃபோர்னியாவில் 2013-ல் சட்டம் போட்டார்கள். 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க முழுத் தடை. நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று 1991-லேயே வந்துவிட்டது. அதனால் யாருடைய துப்பாக்கியும் போகவில்லை. சதி என்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அரசியல்வாதிகள் அடித்த கூத்தையும் சொல்ல வேண்டும். ஒபாமா பதவி விலகுவதற்கு முதல் நாள், 2017 ஜனவரி 19 அன்று, மத்திய அரசின் வனவிலங்குப் புகலிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்த உத்தரவு போட்டார்கள். எட்டு வருஷம் கையில் இருந்தபோது தோன்றாதது கடைசி நாளில் தோன்றியது! மார்ச் 2-ம் தேதி, டிரம்ப் அரசின் புதிய உள்துறை அமைச்சர் (அங்கே அது போலீஸ் இல்லை, பொது நிலமும் வனவிலங்கும் பார்க்கிற துறை) ரயன் ஸிங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குதிரையில் ஆபீசுக்கு வந்து இறங்கி, அந்த உத்தரவைக் கிழித்துப் போட்டார். இரண்டுமே கேமராவுக்கு நடந்த கல்யாணம்.

வேட்டைக்காரர்களை நான் வில்லன் ஆக்கமாட்டேன். ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி கட்டுகிறார்கள். 1937-ல் போட்ட சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிற பணம் அது. செம்புத் தோட்டா விலை அதிகம், சிறிய துப்பாக்கிகளுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை என்ற புகாரும் நியாயமானதே. அரிசோனாவில் 2005 முதல், காண்டோர் பறக்கும் பகுதிக்கு வேட்டைக்கு வருகிறவர்களுக்குச் செம்புத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தார்கள். சட்டம் கிடையாது, வேண்டுகோள்தான். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பேச்சைக் கேட்டார்கள். ஆனாலும் மிச்சம் ஒருவர் விட்டுப்போன குடல் ஒரு கூட்டத்துக்கே விருந்து. அதனால் என் ஓட்டு தடைக்குத்தான். சரக்கைக் கையில் கொடுத்துவிட்டுத் தடை செய்யுங்கள், அவ்வளவுதான்.

அந்த இறைச்சியை வீட்டில் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு தானமாக வந்த மான்கறிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தார். பாதிக்கு மேற்பட்டதில் உலோகத் துணுக்கு. அத்தனையையும் தூக்கிப் போடச் சொன்னது மாநில அரசு.

சரி, ‘எப்போது திருந்துவார்கள்’ என்று கேட்டீர்களே. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை! நாம் துப்பாக்கியே தூக்காமல், மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசியால் (அந்த மாடு செத்தால் தின்ன வருவது பாறுதானே), 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றைத்தான் மிச்சம் வைத்தோம். 2006-ல் அதை மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடை வந்தது. உடனே மனிதருக்கு விற்கிற 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டோம். அது 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்ல 2015 ஆகிவிட்டது. மாற்று மருந்து விலை கூட என்ற புலம்பலும் அப்படியே அந்த வேட்டைக்காரர் குரல்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பைப் பரணில் ஏற்ற வேண்டாம். அது வெள்ளீயம். தோட்டாவில் இருப்பது காரீயம். நம்பிக்கையான கடையில் வாங்கியதுதானா என்று மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.