வாசகர் கேள்விகள்: வீட்டு முற்றத்தில் ஒரு பிளைவுட் படகு

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். மணக்குடிக் காயலில் தூண்டில் போடுவதற்காக 14 அடி நீளத்தில் ஒரு பிளைவுட் படகை நானே கட்ட விரும்புகிறேன். கைக்கு வந்துள்ள வெளிநாட்டு வரைபடம் 1:10 அளவில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பத்து மடங்காகப் பெரிதாக்கி, அதைப் பலகையின்மேல் ஒட்டி வெட்டிவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. 1:10 வரைபடத்தில் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், பலகையில் அது 5 மில்லிமீட்டராகிவிடும். போதாக்குறைக்குக் காகிதம் ஈரத்தில் விரியும், நகல் இயந்திரம் நீளத்தை ஒரு விதமாகவும் அகலத்தை வேறு விதமாகவும் இழுக்கும். வரைபடத்தின் மேல் அடிக்கோலை வைத்து அளப்பதும் இதே தவறுதான். நல்ல வரைபடத்தின் ஓரத்தில் எண்கள் மட்டும் நிறைந்த ஓர் அட்டவணை இருக்கும். வங்கு என்று நம் ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்) சொல்லும் குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றும் அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரம், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு அகலம் என்பதை அது சொல்லும். அந்த எண்களை மட்டும் நம்பி, படகின் முழு அளவிலேயே தரையில் வரைந்துகொள்ளுங்கள்.

மலிவான பிளைவுட் தாள்கள் இரண்டை நீளவாக்கில் சேர்த்து, வெள்ளை பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். நூல் அடித்து அடிக்கோடு போட்டு, 3-4-5 கணக்கில் (பக்கங்கள் 3, 4, 5 என்ற விகிதத்தில் உள்ள முக்கோணத்தின் மூலை செங்கோணமாக இருக்கும்) மூலை மட்டம் பார்த்துச் செங்குத்துக் கோடுகளை நிறுத்துங்கள். அட்டவணைப் புள்ளிகளில் ஆணி அடித்து, கணு இல்லாத மெல்லிய நீளச் சட்டம் ஒன்றை அந்த ஆணிகளை ஒட்டி வளைத்துவிட்டு, தரையோடு தரையாகக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அணியத்திலிருந்து (படகின் முன்முனையிலிருந்து) பாருங்கள். எந்த ஆணி சட்டத்தை வீங்கவோ குழியவோ செய்கிறதோ, அதைப் பிடுங்கினால் சட்டம் தானாகவே தன் இடத்துக்குப் போய் நிற்கும். போன தூரம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் என்றால் சட்டம் சொல்வதையே ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால், எண்ணை வாசித்ததில்தான் பிழை இருக்கும்.

அந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன். அடி அங்குலத்தில் வரும் வெளிநாட்டு அட்டவணைகளில் 1-3-5 என்று எழுதியிருந்தால், ஓர் அடி, மூன்று அங்குலம், எட்டில் ஐந்து பங்கு என்று பொருள். என் டேப்பில் அங்குலம் பதினாறாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் நான் அதைப் பதினாறில் ஐந்து என்று எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் மட்டும் 8 மில்லிமீட்டர் குழி விழுந்தது. தரையில் கண்டுபிடித்ததால் ஓர் ஆணியோடு போயிற்று. வங்கை வெட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் ஒரு பலகை போயிருக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: அட்டவணை அளவு பலகையின் வெளிப்புறம் வரைக்குமா, உட்புறம் வரைக்குமா? வெளிப்புறம் என்றால், 6 மில்லிமீட்டர் பலகைக்கு வங்கின் இரு பக்கத்திலும் அதே அளவைக் கழித்தாக வேண்டும்.

கடைக்காரர்கள் எல்லாப் பிளைவுட்டையும் ‘மரைன்’ என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, தூத்துக்குடி

பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 710 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி பலகையின் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். சமையலறை அலமாரிக்கு விற்கும் ‘வாட்டர் புரூஃப்’ பலகையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால், முத்திரையோடு நின்றுவிடாதீர்கள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி உள்ளடுக்குகளைப் பாருங்கள். இரண்டு அடுக்குத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் தண்ணீர் அதில்தான் குடியேறும். பிறகு அந்தத் துண்டை ஒரு பாத்திரத்தில் நாள் முழுக்கக் கொதிக்கவைத்து, உலர்த்தி, உளியால் நெம்புங்கள். மரம் பிய்ந்து வந்தால் பசை நல்லது. அடுக்கு வழவழவென்று தனியாக உரிந்து வந்தால் அந்தப் பலகையை வாங்காதீர்கள்.

பலகை 8 அடிக்கு 4 அடி அளவில்தான் வரும் என்பதால், 14 அடிப் படகுக்கு இரண்டைச் சாய்வாக இழைத்து ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் தடிமனைப் போல் எட்டு மடங்கு, அதாவது 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். பலகைகளைப் படிக்கட்டுபோல் 48 மில்லிமீட்டர் விட்டுவிட்டு அடுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக இழைத்துவிடலாம். பசை அடுக்குகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அவை நேராக ஓடினால் இழைப்புச் சரி, நெளிந்தால் அந்த இடம் குழிந்திருக்கிறது என்று அர்த்தம்; தனியாக மட்டப்பலகை வைத்துப் பார்க்கத் தேவையே இருக்காது.

பிளைவுட் நம் கடலில் நிற்குமா? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.
– வாசகர், குளச்சல்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற பெருமரங்கள் அரிதான 1980களில், முட்டத்தில் மரைன் பிளைவுட்டைக் கம்பியால் தைத்து மூட்டுகளை ரெசின் கொண்டு ஒட்டிப் படகு கட்டினார்கள். அவை அலையடிக்கும் மணற்கரையில் ஏறி இறங்கித் தொழில் செய்தன. படகின் அடிப்பாகத்தைத் தேய்ப்பது கடலைவிடக் கரைமணல்தான் என்பதால், அடியில் கண்ணாடியிழைத் துணி ஒட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும்: மரத்தை அழுகவைப்பதில் உப்பு நீரைவிடப் படகுக்குள் தேங்கும் மழைநீர் மோசமானது. கரையில் வைக்கும்போது கவிழ்த்தே வையுங்கள்.

என்னிடம் இருப்பது 14 அடி வரைபடம். எல்லா அளவையும் சேர்த்துக் கூட்டி 18 அடியாக்கலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரே விகிதத்தில் கூடினால் கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். வரைந்தவர் 6 மில்லிமீட்டர் பலகைக்குப் போட்ட கணக்கு அப்போது பொருந்தாது. எஞ்சின், வங்கின் பருமன், இருக்கைச் சட்டம் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும். வங்குகளின் வடிவத்தைத் தொடாமல், அவற்றுக்கு இடையிலான தூரத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு வரை கூட்டிக்கொள்வது வழக்கத்தில் உண்டு. 14 அடி அப்போது ஏறக்குறைய பதினைந்தரை அடியாகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 18 அடிக்கென்றே வரைந்த படத்தை வாங்குவதுதான் மலிவு.

எப்பாக்ஸி கலக்கிய டப்பா புகைந்து கெட்டியாகிவிட்டது. சரக்கு போலியா?
– வாசகர், கடலூர்

சரக்கைக் குறை சொல்ல வேண்டாம். எப்பாக்ஸிப் பசையின் இரு பகுதிகளான ரெசினும் (பிசின்) ஹார்டனரும் (இறுக்கி) சேர்ந்தால் சூடு பிறக்கும். ஆழமான டப்பாவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தன்னையே வேகப்படுத்திக்கொள்ளும். கால் கிலோவுக்குமேல் ஒரே தடவையில் கலக்காமல், தட்டையான தட்டில் ஊற்றி, வெயில் ஏறுவதற்குமுன் வேலையை முடியுங்கள். மெதுவாக இறுகும் ஹார்டனரைக் கேட்டு வாங்குங்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவது பாலியஸ்டர் ரெசினில் வந்த பழக்கம். எப்பாக்ஸியில் விகிதம் மாறினால் மூட்டு கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருந்துவிடும்.

படகு முடிந்துவிட்டது. கடலில் இறக்குவதற்குமுன் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், வேதாரண்யம்

கடலில் மீன்பிடிக்கப் போவதென்றால், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்வளத்துறையில் பதிவும் உரிமமும் வாங்க வேண்டும். கட்டுவதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்குப் போய் வந்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்து, இருக்கைகளின் அடியில் மிதவை நுரை வைத்திருக்கிறீர்களா என்பதை வாயால் சொல்லாமல் தண்ணீரில் காட்டுங்கள். இடுப்பளவு ஆழத்தில், எஞ்சின் எடைக்கு மணல் மூட்டையைக் கடையாலில் (படகின் பின்பகுதியில்) கட்டிவைத்து, வாளியால் படகு நிறையத் தண்ணீர் ஊற்றி, நீங்களும் உடன் வருபவரும் ஏறி உட்காருங்கள். விளிம்பு நீருக்கு மேல் நின்று, ஒருவர் இறைக்க இறைக்கத் தண்ணீர் குறைந்தால் இறக்கலாம். கடையால் மூழ்கினால் அங்கே இன்னும் நுரை வேண்டும்.