எல்லாம் வரம்புக்குள், ஆனாலும் மீன் சாகிறது என்றால்

விடியும் முன் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்து பாருங்கள். ஆலையின் மாத அறிக்கை அனுமதி வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் கழிவுநீர் ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே காலையில் மீன் செத்து மிதக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் நடுப்பகலாகத்தான் இருக்கும்.

காரணம் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். கழிவோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அதை வளர்க்கின்றன. பகலில் ஆக்சிஜனை வெளிவிடும் அதே பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை இழுக்கிறது, அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். 30 டிகிரி நன்னீரில் இயல்பாகக் கரைவதே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். மதியம் ஆக்சிஜன் மீட்டர் 11, 12 என்று காட்டினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாசி மண்டிக்கிடக்கிறது. இரவில் 2க்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் தாங்காது.

1. மீட்டரை அங்கேயே கலிபிரேட் செய்துவிட்டு (சரியான அளவு காட்டும்படி சரிசெய்துவிட்டு), கலக்குமிடத்துக்கு மேலே ஓரிடம், நன்றாகக் கலந்தபின் கீழே ஓரிடம் என ஒரே நாளில் விடியலுக்கு முன்னும் பிற்பகலிலும் அளவு எடுங்கள்.

2. கூடவே பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு), வெப்பநிலை, அமோனியா மூன்றும் வேண்டும். பிஎச் 9ஐ நெருங்கினால் மொத்த அமோனியா மாறாவிட்டாலும் அதன் நச்சு வடிவம் பல மடங்கு கூடிவிடும்.

மேலேயும் அதே அளவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் ஆலைமேல் மட்டும் பழி போட முடியாது. அப்புறம், என்றோ ஒருநாள் மட்டும் மொத்தமாகச் செத்தால் அது திடீரெனத் திறந்துவிட்ட கழிவாகவும் இருக்கலாம். அதற்கு இந்தச் சோதனை உதவாது, அன்றே தண்ணீரைப் பிடித்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.