எகிப்து ஒன்றானது, சுமேர் ஏன் ஆகவில்லை?

"எகிப்தும் சுமேரும் (இன்றைய தெற்கு ஈராக்) இரண்டுமே ஆற்று நாகரிகம்தானே, எகிப்து மட்டும் எப்படிச் சீக்கிரமே ஒரே அரசானது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரின் அளவைப் பார்க்காதீர்கள். அது வரும் மாதத்தையும் ஓடும் திசையையும் பாருங்கள்.

எகிப்தின் நைல் அன்று ஆகஸ்ட், செப்டம்பரில் பெருகி, விதைப்புக்கு முன் வடிந்துவிடும். ஈர வண்டலில் அப்படியே விதைக்கலாம். சுமேரின் ஆறுகளான யூப்ரடீஸ், டைக்ரிஸ் பெருகியது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது வயலில் பார்லி முற்றி நிற்கும். ஆகவே வெள்ளத்தைத் தடுக்கக் கரையும் வேண்டும், விதைக்கும்போது நீர் கொண்டுவர வாய்க்காலும் வேண்டும். வாய்க்கால் யார் கையில் என்பதுதான் ஊருக்கு ஊர் சண்டை. சுமேரின் நகர அரசுகளான லகாஷும் உம்மாவும் தலைமுறைகளாக மோதியது எல்லை வயலுக்கும் நீருக்கும்தான்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: நைல் வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் தெற்கு நோக்கி வீசுகிறது. போக நீரோட்டம், திரும்பப் பாய்மரம். தானிய வரியும் அதிகாரிகளும் நாடு முழுக்கப் போய்வர இதைவிட நல்ல வழி அன்று கிடையாது.

சரிபார்க்க, மாதத்துக்கு ஒன்றாக 12 கட்டம் வரைந்து வெள்ளம், விதைப்பு, அறுவடையைக் குறியுங்கள். நைலுக்கு, 1970இல் அதன் குறுக்கே அஸ்வான் உயர் அணை முடிவதற்கு முந்தைய நீரளவையே எடுங்கள். பிந்தையதில் வெள்ளமே தெரியாது.

நிலவியல் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அக்காட் மன்னர் சார்கோன், சுமேரையும் உள்ளடக்கிய மெசபடோமியாவை ஒன்றாக்கினார். எகிப்தும் இடையிடையே பிளவுபட்டிருக்கிறது.